மஞ்சள் பொட்டும் இரண்டு இங்கிலீஷ் தப்புகளும்

அட்டைப்பெட்டியின் டேப்பை வர்மா சார் ஒரு சின்னக் கத்தியால் கீறினார். மேலாக இருந்த வெள்ளை டீ-சர்ட்டை எடுத்து, பாலித்தீன் கவரை உருவிவிட்டு, மேசையில் விரித்துப் போட்டார். கீழ் மடிப்பின் ஓரத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு மஞ்சளாக ஒரு பொட்டு இருந்தது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நகத்தால் சுரண்டினார். அப்புறம் முகர்ந்து பார்த்தார்.

“வாட் இஸ் திஸ்?”

கேள்வி எனக்குத்தான். திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனிக்கு நான்தான் இங்கிலீஷ். அப்படித்தான் என்னைச் சொல்வார்கள். “இங்கிலீஷ் வந்துருச்சுங்களா?” என்று யாராவது கேட்டால், நான் வேலைக்கு வந்தாயிற்றா என்று பொருள்.

“டர்மரிக், சார்” என்றேன்.

“மஞ்சள் எனக்கும் தெரியும், மேடம். எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது” என்றார் இங்கிலீஷில், முகத்தில் சிரிப்பே இல்லாமல். “அது இந்த டீ-சர்ட்டில் ஏன் இருக்கிறது?”

பதிலுக்குக் காத்திராமல் இரண்டாவது பெட்டியைக் கீறினார். அதிலும் மேல் பீஸில் மஞ்சள் பொட்டு. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதையும் திறந்தார். அதே ஓரம், அதே அளவு.

“வெரி கன்சிஸ்டென்ட்” என்றார் வர்மா சார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். தரம் பார்க்க வருகிறவர்கள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. எங்கள் நேரம், அது இந்த விஷயத்துக்கா கிடைக்க வேண்டும்!

அவர் வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் ஆபீஸ் அனுப்பி, பம்பாயிலிருந்து வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் லாரியில் ஏறும். அன்றைக்கே லாரி கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கலாம். எங்கள் முதலாளி கந்தசாமிக்கு அது சொந்தப் பெயரில் வந்த முதல் ஏற்றுமதி ஆர்டர். அதுவரை ஊரார் ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

ஆனால் நான் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கிங் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த மரகதத்தைத்தான் பார்த்தேன். திறந்த பெட்டிகளுக்குப் பின்னால் அவள் முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தாள்.

எண்பதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். தொண்ணூறு பிறந்துவிட்டதோ என்னவோ, சரியாக நினைவில்லை. ஆடி மாதம் என்பது மட்டும் நிச்சயம். இந்தத் தொடரில் போன வாரம் டெலக்ஸ் மிஷினோடு நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டு, அன்றைக்குப் பாக்கிங்கில் இருந்த ஒருத்தி போன் செய்து, “அந்த மஞ்சப் பொட்டை எழுதலீன்னா உங்க தொடரே செல்லாதுங்க டீச்சர்” என்று மிரட்டினாள். எழுதிவிட்டேன், தாயே.

தப்புக்கு எதுக்குங்க ரெண்டு வார்த்தை?

பகலில் நான் அந்தக் கம்பெனிக்கு வரும் டெலக்ஸ், ஃபேக்ஸ் எல்லாம் படித்துச் சொல்வேன். வேலை முடிந்த பிறகு, பாக்கிங் ஹாலிலேயே இங்கிலீஷ் வகுப்பு எடுப்பேன். அட்டைப்பெட்டிகள்தான் பெஞ்சு. முதல் பெட்டியில் முதலாளி கந்தசாமி உட்காருவார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். நாற்பதைத் தாண்டிய மனிதர், வீட்டுப்பாடத்தை ஒழுங்காக எழுதி வருவார். பின்னால் கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள் சிலர். கடைசிப் பெட்டியில் மரகதம்.

கந்தசாமிக்கு இங்கிலீஷ் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரு வார்த்தை வைக்காமல் ஊதாரித்தனமாகச் செலவு செய்கிற பாஷை என்பார். நூலை மிச்சம் பிடித்தே முன்னுக்கு வந்தவருக்கு அப்படித்தானே தோன்றும்.

ஒருநாள் ஏதோ ஒரு ஃபேக்ஸில், அட்டைப்பெட்டியில் நம்பர் மாறிப்போனதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ‘மிஸ்டேக்’ நடந்ததற்கு வருந்துகிறோம், ஆனால் அது எங்கள் ‘ஃபால்ட்’ இல்லை என்று இருந்தது.

“டீச்சருங்க, இது ஞாயமுங்களா?” என்றார் கந்தசாமி. “ரெண்டும் தப்புத்தானுங்க. தப்பு நடந்துருச்சு, ஆனா தப்பு இல்லைங்கறான். தப்புக்கு எதுக்குங்க ரெண்டு வார்த்தை?”

நான் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எழுதினேன்.

மிஸ்டேக் என்பது செய்கிற காரியம். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டால் அது மிஸ்டேக். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினால் மிஸ்டேக். நாம் ‘தப்புப் பண்ணினேன்’ என்கிறோமே என்று ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்று சொல்லக்கூடாது. இங்கிலீஷ்காரனுக்குத் தப்பு என்பது தோசை மாதிரி. அதை அவன் ‘மேக்’தான் செய்வான். ‘ஐ மேட் எ மிஸ்டேக்.’ எத்தனை தோசை என்று எண்ணுகிற மாதிரி, எத்தனை மிஸ்டேக் என்றும் எண்ணலாம்.

ஃபால்ட் அப்படி இல்லை. அது யார் தலையில் விழுகிறது என்கிற சங்கதி. அதனால் அதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் ஆள் வேண்டும். மை ஃபால்ட், யுவர் ஃபால்ட், ஹிஸ் ஃபால்ட். ‘ஐ மேட் எ ஃபால்ட்’ என்று சொல்வது கிடையாது, ‘இட் இஸ் மை ஃபால்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். கை தவறி நடந்ததற்கு ‘பை மிஸ்டேக்’ உண்டு. ‘பை ஃபால்ட்’ கிடையாது.

“அப்ப நம்ம துணியில ஃபால்ட்டுங்கறமே, ஓட்டை, கோடு விழுந்தா?” என்று கட்டிங் மாஸ்டர் இடையில் புகுந்தார். “அது யாரு தலையிலீங்க விழுகுது?”

நல்ல கேள்வி. பொருளில் இருக்கிற குறைக்கும் ஃபால்ட் என்றுதான் பெயர். துணியில் ஃபால்ட் இருக்கும், மோட்டாரில் ஃபால்ட் இருக்கும். கரண்ட் போனால் இ.பி. ஆபீஸில் “லைன் ஃபால்ட்டுங்க” என்பார்கள். “லைன் மிஸ்டேக்” என்று எந்த லைன்மேனும் சொன்னதில்லை. ஏனென்றால் துணியும் கம்பியும் எதையும் யோசித்துச் செய்வதில்லை. மிஸ்டேக் செய்வதற்கு ஒரு மண்டை வேண்டும்.

“மண்டை இருந்தாத்தான் மிஸ்டேக்குங்களா? அப்ப நம்ம கம்பெனியில பாதிப் பேரு பண்ணவே மாட்டாங்க” என்றார் கந்தசாமி. ஹாலே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் நான் அடுத்ததையும் சொல்லி முடித்தேன். ‘ஃபைண்ட் ஃபால்ட்’ என்றால் குற்றம் கண்டுபிடிப்பது. எதைச் செய்தாலும் ஒரு சொட்டை சொல்வது.

கடைசிப் பெட்டியிலிருந்து மரகதம் சொன்னாள்: “எங்க மாமியாளுக்கு அது மட்டும் இங்கிலீஷ்லயே நல்லா வரும்ங்க டீச்சர்.”

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மீதிக் கதை எனக்குத் தெரியும்.

அடுத்த பஸ்ஸில் மடத்துக்குளம்

மரகதத்தை மடத்துக்குளத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் வாயால் பேசினால், புருஷன் கையால் பேசுகிற ஆள். ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திருப்பூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அண்ணன் சின்னச்சாமி கெட்டவர் இல்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் பயந்தவர்கள் சொல்கிற சொல் சில சமயம் கெட்டவர்கள் சொல்வதைவிடக் கூராக இருக்கும். “வேலைக்குப் போறேங்கற. சரி, வேலை இருக்கற வரைக்கும் இங்க இரு கண்ணு. வேலை போச்சுன்னா அடுத்த பஸ்ல மடத்துக்குளம். நானே கொண்டுபோயி உடறேன்” என்று அவர் சொல்லியிருந்தார். எத்தனை பாசமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

தையல்காரர்களுக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தவள், செக்கிங்குக்கு வந்து, அப்புறம் பாக்கிங்கையே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பெட்டியின் மேல் இருக்கும் இங்கிலீஷை யாரையும் கேட்காமல் படிக்க வேண்டும் என்றுதான் என் வகுப்புக்கு வந்தாள். மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு, எட்டரைக்கெல்லாம் கம்பெனியில் இருப்பாள்.

ஆகவே அந்த மஞ்சள் பொட்டுகளைப் பார்த்தபோது எனக்கு ஆர்டரும் கப்பலும் ஞாபகத்துக்கு வரவில்லை. மடத்துக்குளம் பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கூடக்கூட ‘ங்க’

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கொங்கு நாட்டில் கோபம் குறைவு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடும். என் அப்பா சாமளாபுரத்தில் தறி ஓட்டியவர். தறிக்காரர்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் தூரத்திலிருந்து கேட்பவருக்குக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும். “வாங்க, வந்து பாருங்க, என்னானு கேளுங்க” என்றால் அடுத்தது கைகலப்புதான்.

கந்தசாமி பாக்கிங் பெண்களைப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, இந்த மஞ்சளைப் பொட்டிக்குப் பொட்டி யாருங்க வெச்சீங்க? தெரிஞ்சுக்கலாமுங்களா?”

நான் ‘ங்க’வை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நாந்தானுங்க” என்றாள் மரகதம்.

“மொத பீஸ் ஒண்ணுக்கு மஞ்ச வெச்சு, சாமி படத்துகிட்ட வைக்கத்தானுங்க சொன்னேன்?”

“அதையும் வெச்சனுங்க. அங்க இருக்குதுங்க.”

“அப்பறம் இதெல்லாம் என்னத்துக்குங்க?”

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடியில் நம் ஆட்கள் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். கந்தசாமியும் ஆனியிலேயே முதல் லாரியை அனுப்பிவிடத்தான் பார்த்தார். துணி வெளுக்கிற இடத்தில் தாமதம், கரண்ட் இல்லாத நாட்கள் என்று இழுத்து, கடைசியில் ஆடியில் வந்து நின்றது. கப்பல்காரனிடம் ஆவணிக்கு வா என்று சொல்ல முடியுமா? அதனால்தான் பரிகாரம் மாதிரி, புதுத்துணிக்கு மஞ்சள் வைத்து உடுத்துகிற வழக்கப்படி, முதல் பீஸுக்கு மஞ்சள் வைக்கச் சொல்லியிருந்தார்.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “சீர் கொண்டு போறப்ப ஒவ்வொரு தட்டுக்குந்தானுங்க மஞ்சக் குங்குமம் வெக்கறோம். ஒரு தட்டுக்கு வெச்சுப்போட்டு மத்ததை வெறுமனே கொண்டுபோவமுங்களா? அதும் ஆடியில கெளம்பற பொட்டிங்க. கடல் தாண்டிப் போகுது. மனசு கேக்கலீங்க.”

பாக்கிங் பெண்களில் சிலர் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள். நானே ஆட்டியிருப்பேன். நான் மாதாகோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் எங்கள் வீட்டிலும் புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் ஏறாமல் யார் உடம்பிலும் ஏறாது.

“சரிங்க மரகதம்” என்றார் கந்தசாமி. “உங்க கணக்கை முடிச்சுக்கிட்டு இன்னிக்கே கெளம்பிக்கலாமுங்க.”

கட்டம் இல்லாத வார்த்தை

வர்மா சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு ஆளின் வேலை போவதற்கு எந்த பாஷையும் தேவையில்லை போலிருக்கிறது. பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஹூஸ் ஃபால்ட் இஸ் இட்?”

“இட் இஸ் எ மிஸ்டேக், சார்” என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சீர்த் தட்டு, ஆடி, கடல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் போட்டு விளக்கினேன். ஆடியை இங்கிலீஷில் சொல்ல வேண்டிய நிலைமை என் எதிரிக்கும் வரக்கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் கையிலிருந்த ரிப்போர்ட் தாளைத் திருப்பிக் காட்டினார். ஃபால்ட் என்று ஒரு கட்டம் இருந்தது. “மிஸ்டேக்குக்கு இதில் கட்டம் கிடையாது, மேடம்” என்றார். குரலில் கடுமை இல்லை. இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்புறம் அவரே ஒரு வழி விட்டார். அவருக்குச் சாயங்காலம் ரயில். கிளம்புவதற்குள் எல்லாப் பெட்டியின் மேல் பீஸும் கறையில்லாமல் இருந்தால் கையெழுத்துப் போடுவார். பிளீச்சிங் கூடாது, மருந்து வாசனை வரக்கூடாது. இல்லாவிட்டால் லாரி காலியாகத்தான் போகும்.

பீஸை மாற்றி வைக்கலாம் என்றால் கையில் மிச்சம் இல்லை. கூடுதலாகத் தைத்ததெல்லாம் செக்கிங்கிலேயே கழிந்துவிட்டது.

மரகதம் டிபன் பாக்ஸை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். இதைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “கணக்கை அப்பறம் முடிச்சுக்கறனுங்க. இதை மொதல்ல முடிச்சுத் தந்துட்டுப் போறேன்” என்றாள். கந்தசாமி வழியை விட்டு விலகி நின்றார்.

குங்குமமான மஞ்சள்

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீஸை நனைத்து, பதற்றத்தில் யாரோ சோப்பைத் தேய்த்துவிட்டார்கள். மஞ்சள் பொட்டு ஒரு நொடியில் ரத்தச் சிவப்பாக மாறியது. ஒருத்தி அய்யோ என்று அலறியே விட்டாள்.

கந்தசாமி எட்டிப் பார்த்தார். “மஞ்சளும் ஆச்சு, குங்குமமும் ஆச்சு. இன்னும் வெத்தல பாக்கு மட்டுந்தானுங்க பாக்கி” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நல்ல தண்ணீரில் அலசியதும் சிவப்புப் போய், வெளிறிய மஞ்சளாகத் திரும்பியது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைத்துப் போட்ட எந்த வீட்டுக்கும் தெரியும். ஈரத்தோடு வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக ஓடிவிடும்.

வெயிலுக்கு எங்கே போவது? அதுதான் கேள்வி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மேகம் மந்தை மந்தையாக வரும். பெய்யவும் பெய்யாது, விலகவும் விலகாது. காற்றோ கேட்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பனியன் எம்மாத்திரம்?

மொட்டை மாடியில்

கொடியில் போட்டால் கிளிப்போடு பறந்தது. தரையில் விரித்துக் கல் வைத்தால் தூசி படிந்தது. கடைசியில் மரகதம்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு டீ-சர்ட்டை மடியில் விரித்து, மஞ்சள் இருந்த ஓரத்தை மட்டும் இரண்டு கையாலும் வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டாள். பாக்கிங் பெண்கள் அவளைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். செக்கிங் பெண்கள் வந்தார்கள். தையல் மிஷின்களை நிறுத்திவிட்டுத் தையல்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு டீ-சர்ட். கட்டிங் மாஸ்டர் இரண்டு பிடித்திருந்தார்.

நானும் உட்கார்ந்தேன். பி.ஏ. இங்கிலீஷ் படித்து இதற்கா என்று என் அம்மா கேட்டிருப்பாள்.

மேகம் விலகி வெயில் விழும். எல்லோரும் ஒரே நேரத்தில் துணியை அந்தப் பக்கம் திருப்புவோம். மறுபடி மூடிக்கொள்ளும். யாரோ மாரியம்மனைக் கூப்பிட்டார்கள். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று ஒரு காற்று வந்தது பாருங்கள், ஒருத்தி கையிலிருந்த டீ-சர்ட் எழுந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்துக் கம்பெனித் தென்னை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. தடதடவென்று படியில் யாரோ இறங்கி ஓடுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் முதலாளி. செருப்பில்லாமல், கையில் ஒரு நீளக் கழியோடு, பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேனிடம் “செத்த உள்ள உடுங்க சாமி, என்ற மானம் மரத்துல தொங்குது” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் முதலில் சிரித்தோம். மரகதமும் சிரித்தாள், ஆனால் துணியைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

கந்தசாமி அந்த டீ-சர்ட்டோடு மேலே வந்து, வரிசையில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அது மரகதத்துக்குப் பக்கத்து இடம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவரவர் மடியில் இருந்த மஞ்சளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் வெயில் வந்தது. வந்தது என்றால், மனசு வைத்து வந்தது. மேகம் மொத்தமும் கிழக்கே நகர்ந்து, மாடித் தரை காலைச் சுட ஆரம்பித்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே என் டீ-சர்ட்டின் மஞ்சள் வெளுத்து, வெளுத்து, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. முதலில் நம்பவில்லை. வேறு ஓரத்தைப் பார்க்கிறேனோ என்று நாலு ஓரமும் திருப்பிப் பார்த்தேன்.

“போயிருச்சுங்க!” என்று ஒருத்தி கத்தினாள். “எனக்கும் போச்சு!” என்று இன்னொருத்தி. ஒரு பரீட்சை ஹாலில் எல்லோரும் பாஸான மாதிரி இருந்தது. வெயிலில் இத்தனை நேரம் உட்கார்ந்ததில் தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்புகூட நன்றாக இருந்தது.

நில்

அயர்ன் போட்டு, புதுக் கவரில் இட்டு, வர்மா சார் முன்னால் வைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வெயில் வாசனையைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. ஃபால்ட் என்ற கட்டத்தில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கந்தசாமி அந்தக் கையெழுத்தின் மேல் விழுந்து கும்பிடாததுதான் குறை.

கிளம்பும்போது சாமி படத்தின் பக்கத்தில் வர்மா சார் நின்றார். மடித்து வைத்திருந்த அந்த முதல் பீஸின் மேல் மஞ்சள் அப்படியே இருந்தது. பதறிப்போய் நான் எடுக்கப் போனேன். “அது இருக்கட்டும், மேடம்” என்று சொல்லிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு ஒரு பாரம் இறங்கிற்று. ஆனால் முழுதாக இறங்கவில்லை. லாரி நின்றிருந்தது. பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மரகதம் ஹால் ஓரத்தில், டிபன் பாக்ஸ் இருந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டிருந்தாள்.

நான் கந்தசாமியிடம் போனேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போய், ஒன்றும் வராமல், “சார், மரகதம்...” என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஹாலின் அந்த மூலையைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

“ஏ மரகதம், பொட்டியெல்லாம் தொறந்து கெடக்குது, அங்க என்ன வேடிக்கை? டேப்பு எங்க? இன்னிக்குப் பாக்கிங்குக்கு ஒண்ணரை சிப்ட்டு, ராத்திரி வரைக்கும் வேலை. எல்லாத்துக்கும் டீ சொல்லியுடு!”

ஒரு ‘ங்க’கூட இல்லை. என் காதில் தேன் பாய்ந்தது.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மாட்டார்கள். வருத்தம் தெரிவிக்க மாட்டார்கள். அடுத்த வேலையைச் சொல்வார்கள். அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மரகதம் டேப்பை எடுத்துக்கொண்டு முதல் பெட்டிக்கு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே

திருப்பூரில் சேதி லாரியைவிட வேகமாகப் போகும். அதுவும் பாதிச் சேதிதான் அந்த வேகத்தில் போகும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாட்ச்மேன் வந்து, “மரகதத்தோட அண்ணன் வந்துருக்காருங்க” என்றார். நானும் அவளோடு கேட் வரைக்கும் போனேன். சின்னச்சாமி தன் டி.வி.எஸ். ஃபிப்டியை அணைக்காமல் நின்றிருந்தார். வேட்டியை மாற்றிக்கொண்டு, வெளியூருக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார். முன்னால் ஒரு பெரிய ஒயர் கூடை. அதில் மரகதத்தின் புடவைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே குழந்தையின் கவுன் ஒன்று.

“வேலை போயிருச்சுன்னு மத்தியானமே சொன்னாங்க கண்ணு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “கடைசி பஸ் இன்னும் இருக்குது. பாப்பாவைப் போற வழியில பால்வாடி ஆயா ஊட்டுல கூட்டிக்கலாம்.”

மரகதம் கூடையைப் பார்த்தாள். அவள் கையில் டேப்பு உருளை அப்படியே இருந்தது. விரல் நுனிகளில் மட்டும் மஞ்சள் இன்னும் போகவில்லை. உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“எனக்கு இன்னிக்கு ஒண்ணரை சிப்ட்டுங்கண்ணா” என்றாள். “கூடையைக் கொண்டுபோயி ஊட்டுல வெச்சுருங்க.”